ஊஞ்சல் நல்லாத்தான் இருக்கு, உட்கார இடம் எங்கே?

எங்கள் ஆபீஸைப் புதிதாக மாற்றிக் கட்டி உள்ளே ஊஞ்சலெல்லாம் மாட்டியிருக்கிறார்களே, அந்த ஊஞ்சல் விவகாரம் பற்றி இதுதான் என் கடைசிப் பதிவு. திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி அந்த கமெண்டைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ரசனை இல்லாதவங்களுக்கு டிசைன் புரியாது சார், விட்டுடுங்க." அதற்கு 40 ஹார்ட். அதில் எட்டுப் பேர் என்னோடு ஒரே தளத்தில் உட்காருகிறவர்கள். எண்ணிப் பார்த்தேன். ஆமாம், எண்ணிப் பார்க்கிற ஆள்தான். கணக்குப் பிரிவில் 19 வருஷம் இருந்தால் அந்தப் புத்தி வந்துவிடும்.

முதலில் ஒன்று. ஊஞ்சல் கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சுவரில் செடி வளர்ப்பதை எதிர்க்கவில்லை. மீட்டிங் ரூமைப் படகு மாதிரி கட்டியதைக்கூட முதல் நாள் பார்த்தபோது, "பரவாயில்லையே" என்றுதான் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அங்கே தினமும் எட்டு மணிநேரம் உட்காரப்போகிறவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இவ்வளவுதான். இதைக் கேட்டதற்கா ரசனை கெட்டவன்?

சரி, அந்த ரசனையான மேசைக்கு வருவோம். படங்களில் எல்லாரும் அதைத்தான் மெச்சினீர்கள். பழைய மரப்பலகைகளை இழைக்காமல் அப்படியே சேர்த்துச் செய்த, 20 பேர் உட்காரும் மேசை. ரேகை ரேகையாக ஓடுகிறது, தடவிப் பார்த்தால் கைக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதன்மேல் ஒரு தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். பேனா முனை பலகை இடுக்கில் இறங்கித் தாளைப் பொத்தலாக்கும். போன வாரம் மட்டும் மூன்று வவுச்சர் எனக்கு இப்படிப் போயிற்று. இப்போது தாளுக்கு அடியில் வைக்க ஆளுக்கொரு பழைய காலண்டர் அட்டை வைத்திருக்கிறோம். போட்டோ எடுக்க யாராவது வந்தால் அட்டைகளை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மேசைக்கு மேலே தொங்குகிற பல்புகள், உள்ளே இழை தெரிகிற ரகம், மூடி கிடையாது. வாசலில் நின்று பார்த்தால் மின்மினிக் கூட்டம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் மானிட்டரில் ஒரு பல்பு, என் மூக்குக்கண்ணாடியில் இன்னொரு பல்பு. 8 எது, 3 எது என்று கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படகு ரூம் இருக்கிறதே, படகுக்கு அடிப்பக்கம் குறுகும் அல்லவா? அதனால் தோளுக்கு இடம் இருக்கிறது, காலுக்கு இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ள முடியாது. உள்ளே இருப்பவர் பாத்ரூம் போகவேண்டுமென்றால் வரிசையில் எல்லாரும் எழுந்து வெளியே வந்து வழி விடவேண்டும். துடுப்பு மட்டும் சுவரில் அழகாக மாட்டியிருக்கிறது.

ஊஞ்சலில் முதல் நாள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான். நான்காம் நாள் அதில் யாரோ ஒரு குடையை மாட்டினார்கள். இப்போது அது ஹெல்மெட் வைக்கிற இடம். கழுவி ஊற்றுவதற்காகச் சொல்லவில்லை, ஹெல்மெட் வைக்க எங்களுக்கு வேறு இடம் கொடுக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

கோபத்தில் ராத்திரி உட்கார்ந்து தேடித்தேடிப் படித்தேன். இந்தக் கூத்து புதிதே இல்லை. ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்று ஒருவர் ஹெர்மன் மில்லர் என்கிற அமெரிக்க ஃபர்னிச்சர் கம்பெனிக்காக 1964-ல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஆபீஸில் வேலை செய்கிறவர் நாள் முழுக்க ஒரே நிலையில் முடங்கிக் கிடக்கக் கூடாது, நிற்கவேண்டும், நடக்கவேண்டும், தன் இடத்தைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் யோசனை. 1968-ல் வந்த இரண்டாவது வடிவத்தில் கழற்றி மாட்டுகிற தடுப்புகள் இருந்தன. வாங்கின கம்பெனிகள் என்ன செய்தன? அந்தத் தடுப்புகளைச் சதுரம் சதுரமாக மாட்டி, எத்தனை பேரை அடைக்க முடியுமோ அத்தனை பேரை அடைத்தன. க்யூபிகிள் பிறந்த கதை அதுதான். பைத்தியக்காரத்தனம் என்று ப்ராப்ஸ்டே கடைசிக் காலத்தில் திட்டித் தீர்த்தார்.

பிறகு அந்தத் தடுப்புகளையும் பிடுங்கினார்கள், சுவர் இல்லாவிட்டால் எல்லாரும் கலகலவென்று பேசிக்கொள்வார்கள் என்று. ஹார்வர்டில் பெர்ன்ஸ்டைன், டர்பன் என்று இரண்டு பேர், தடுப்புகளை எடுத்த இரண்டு கம்பெனிகளில் ஊழியர்கள் உடம்பில் கருவி மாட்டி அளந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருக்கிறது, மெயிலும் மெசேஜும் கூடியிருக்கிறது. எங்கள் மேசையில் அளக்கவே வேண்டாம். எனக்கு எதிரே மூன்றடி தள்ளி உட்காருகிறவர் "வவுச்சர் பார்த்தாச்சா" என்று மெசேஜ் போடுகிறார். வாயைத் திறந்தால் 20 பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவர் பாவம் என்ன செய்வார்.

இன்னொன்றைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் க்ரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. ஆட்களை நான்கு விதமான அறைகளில் வேலை செய்யவிட்டார்கள். ஒன்று வெறும் மொட்டை அறை. இரண்டாவதில் செடி, படங்கள், எல்லாம் ஆய்வாளர்களே வைத்தது. மூன்றாவதில் அதே செடி, அதே படங்கள், ஆனால் உட்காருகிறவர் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். நான்காவதில் அவர் ஆசையாக வைத்து முடித்ததும் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் எடுத்து வேறு மாதிரி மாற்றி வைத்துவிடுவார். தானே வைத்துக்கொண்டவர்கள் மொட்டை அறைக்காரர்களைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். நான்காவது அறையில் அந்த லாபம் போன இடம் தெரியவில்லை. செடி அதேதான், படமும் அதேதான்.

அந்த நான்காவது அறையில்தான் நான் இப்போது இருக்கிறேன். என் மகள் ஆறு வயதில் வரைந்த பூனைப் படம் ஒன்று என் பழைய மேசைத் தடுப்பில் ஒட்டியிருந்தது. நாலு கால், ஐந்தாவதாக வால், அதுவும் கால் மாதிரியே இருக்கும். அதை டேப்போடு உரித்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் பெயரை எழுதி ரிசப்ஷனில் வைத்திருந்தார்கள். 'கிளீன் டெஸ்க்' பாலிசியாம். அந்த ரிசப்ஷன் சுவரிலேயே இப்போது ஆள் உயரத்துக்கு ஒரு பூனை வரைந்திருக்கிறார்கள், ஆர்ட்டிஸ்டை வைத்து. அது கற்பனை வளமாம். சந்தோஷம்.

உடனே ஒருத்தர் வருவார்: "எல்லாரையும் கேட்டா ஆளுக்கொரு கலர் சொல்வாங்க, ஒண்ணும் நடக்காது." கலரையா கேட்கச் சொன்னேன்? உங்கள் வேலை என்ன, பேப்பரில் எழுதுவீர்களா, வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும், போன் பேசினால் எங்கே போய்ப் பேசுவீர்கள். நாலு கேள்வி. டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதற்கு அரை நாள் கிடைக்கவில்லையா?

"புதுப் பசங்க இதைப் பார்த்துதான் வேலைக்கு வர்றாங்க." இருக்கலாம். வரட்டும். வந்தபிறகு அவர்களும் அந்த மேசையில்தானே உட்காரவேண்டும்.

"பழகிடும்." செருப்பு கடித்தாலும்தான் பழகும்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு, மாற்றம் பிடிக்கலை." இதற்குத்தான் கொஞ்சம் பதில் சொல்லவேண்டும். கைக்கணக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது எங்கள் பிரிவில் முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன் நான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஹார்ட் விட்ட எட்டுப் பேரில் மூன்று பேருக்கு எக்செல் யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். மாற்றம் பிடிக்காதவனா நான்? போகட்டும். அந்த நன்றியை எல்லாம் எதிர்பார்த்தால் நமக்குத்தான் வலி.

ஆபீஸ் மட்டும் இல்லை. காபி ஷாப்களையும் பாருங்கள். போன மாதம் 11 வருஷம் கழித்து ஒரு பழைய நண்பனைச் சந்தித்தேன். அவன்தான் இடம் சொன்னான், படத்தில் பிரமாதமாக இருந்தது. காங்கிரீட் தரை, கண்ணாடிச் சுவர், குழாய்களெல்லாம் தெரிகிற வெற்றுக் கூரை. ஒரு திரைச்சீலை, ஒரு மெத்தை, சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு முழத் துணி கிடையாது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தால் அது சுவர் சுவராக மோதி நம் மேசைக்கு வருகிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாமும் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம், 1911-லேயே லொம்பார் என்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதி வைத்துவிட்டார். ஆக, ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையை ஜெயிக்கக் கத்துகிறது. நானும் அவனும் 11 வருஷக் கதையை "என்ன?", "என்னடா?", "கேக்கலை" என்றே பேசி முடித்தோம். ஸ்டூலுக்கு முதுகு கிடையாது, கால் அந்தரத்தில் தொங்குகிறது. அரைமணியில் எழுந்துவிட்டோம். ஒன்று சொல்லவேண்டும், இங்கே மட்டும் உட்காருகிறவனைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள், எப்படிச் சீக்கிரம் கிளப்புவது என்று.

கற்பனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதாம். 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்கிற பெண் கட்டடக்கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை செய்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் சாமான்களுக்கு இடம் வைத்தார். ஜன்னல் பக்கம் வேலைப் பலகை, அதில் காய்கறிக் கழிவைத் தள்ள ஒரு இழுப்பறை, உட்கார்ந்து நறுக்கச் சுழலும் ஸ்டூல், வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் கூரை விளக்கு. மாவு டப்பாவை மட்டும் ஓக் மரத்தில் செய்தார், புழு அண்டாது என்று. அந்தப் புழுவைக்கூட நினைத்துப் பார்த்திருக்கிறார் பாருங்கள், எனக்கு அதுதான் கற்பனை. அந்தச் சமையலறை பெண்ணைத் தனியாக ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டது என்று பின்னால் விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அங்கே நின்று வேலை செய்கிறவரின் கையையும் காலையும் ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

டிசைனர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "உள்ளே வர்றவங்க அசரணும்" என்று முதலாளி சொன்னால் அவர்கள் அசரத்தான் வைப்பார்கள். வருகிறவர் அஞ்சு நிமிஷம் அசருவார், போய்விடுவார். நாங்கள் போகமாட்டோமே.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்பாக்ஸில் ஒரு நண்பர், பெயர் வேண்டாம், என் பழைய பதிவு ஒன்றை எடுத்து அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டை மாற்றிக் கட்டியபோது போட்ட படம். ஹாலில் ஜன்னலோரம் மெத்தை போட்ட மேடை, இரண்டு பக்கமும் புத்தக அலமாரி. "எங்கள் வீட்டு ரீடிங் கார்னர்." 300 லைக். கீழே அவர் கேட்டிருந்தது ஒரே வரி: "அங்கதானே அம்மாவோட தையல் மெஷின் இருந்துச்சு?"

இருந்தது. 20 வருஷத்துக்கு மேல் அங்கேதான் இருந்தது. கேட்காமல் எடுத்தேன் என்று யாரும் சொல்லவேண்டாம். கேட்டேன். "அம்மா, மெஷினை மாடிப்படிக்குக் கீழே வச்சுக்கலாமா?" "உன் இஷ்டம்ப்பா" என்றாள். கேட்ட அன்றைக்கு டிசைனரின் வரைபடம் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது, அதில் மெஷினே இல்லை. இது வேறு, ஆபீஸ் வேறு என்று அவருக்கு ஒரு நீளப் பதில் டைப் செய்தேன். வீடு சின்னது, இடப் பிரச்சினை, அப்படி இப்படி. அனுப்பவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு டியூப்லைட் போட்டுக்கொடுத்திருக்கிறேன். நல்ல வெளிச்சம்தான். ஆனால் ஊசி கோக்க மட்டும் அம்மா ஹாலுக்கு வருவாள். மேடை குறுக்கே இருப்பதால் ஜன்னலுக்குக் கிட்டே போக முடியாது, மெத்தைமேல் ஒரு முழங்காலை ஊன்றி எட்டி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் கோப்பாள். கோத்ததும் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, நூல் தொங்கத் தொங்க மாடிப்படிக்குத் திரும்பிப் போவாள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

ரீடிங் கார்னரில் இதுவரை யாரும் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

இன்று காலை தச்சருக்குப் போன் பண்ணினேன். மேடையைச் சுவரோடு சேர்த்து அடித்திருக்கிறது, உடைத்துத்தான் எடுக்கணும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "நல்லா இருக்கறதை எதுக்குடா உடைக்கணும், அந்தப் பூப்போட்ட மெத்தை எனக்கும் பிடிச்சிருக்கு" என்கிறாள். இப்போது நான் அம்மாவைக் கேட்டுச் செய்ய வேண்டுமா, கேட்காமல் செய்ய வேண்டுமா என்று ரசனை உள்ளவர்கள் யாராவது கமெண்டில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் மேடைமேல் துவைத்த துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. லைக் போட்ட 300 பேரும் வந்து மடித்துக் கொடுக்கலாம்.