மாவு ஆட்டவா பள்ளிக்கூடம்?

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எங்க வகுப்பு வாட்சாப் குரூப்புல ஒரு அம்மா மெசேஜ் போட்டாங்க. "டீச்சர், நாளைக்கு இட்லி மாவு வேணும்னு கேட்டீங்களாமே, மாவு ஆட்டவா பிள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" கூடவே சிரிக்கிற பொம்ம ரெண்டு. கீழ நாலஞ்சு பேரு கட்டைவிரல் தூக்கிட்டாங்க. நான் பதில் போடல, படுத்துட்டேன். ஒரு வாரம் ஓடிருச்சு, இப்ப இங்க போடுறேன், கொஞ்சம் நீளம்தான், ஒரு கோப்பி கலக்கிக்கிட்டு வந்து உக்காருங்க.

மலேசியாவுல பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு வகுப்பு எடுக்குறேன், மொத்தம் பதினெட்டு பிள்ளைங்க. அறிவியல்ல இப்ப நுண்ணுயிர் பாடம். புத்தகத்துல ஈஸ்ட்டு, சீனி, பெலூன் எல்லாம் இருக்குது, அதையும் செஞ்சோம், பெலூன் உப்புச்சு, பிள்ளைங்க "ஓ"ன்னாங்க, அதோட சரி. அவங்க வீட்டுல தினம் நடக்குறத எடுத்தா என்னன்னுதான் மாவு கேட்டேன். பின்வரிசையில ஒரு பையன், வாயே தெறக்க மாட்டான், அவன்தான் பாட்டி அன்னைக்கு விடியக்காலையில ஆட்டின மாவ மைலோ டின்னுல கொண்டு வந்தான்.

மூனு பாட்டில், ஒவ்வொன்னுலயும் பாதி மாவு, மாவு நிக்கிற மட்டத்துக்கு வெளிய ஒரு ரப்பர் பேண்டு. ஒன்னு சன்னலோரம், ஒன்னு ஆசிரியர் அறை ஐஸ்பெட்டியில, மூனாவத அடுப்புல வச்சு கிண்டிக் கூழாக்கி அதுவும் சன்னலோரம். செவ்வாக்கிழம காலையில வந்து பாத்தா சன்னலோரம் வச்சது பொங்கி வழிஞ்சு என் வருகைப் பதிவேடு மேலயே ஊத்திருக்குது, எறும்பு வரிசை கட்டி நிக்குது, வகுப்பு முழுக்க புளிச்ச வாசம். கூழு அப்பிடியே கெடக்குது. ஐஸ்பெட்டி மாவு ரப்பர் பேண்ட விட்டு ஒரு நூல்கூட ஏறல.

அப்பதான் அந்தப் பையன் கேட்டான், "டீச்சர், ஐஸ்பெட்டியில உள்ளது செத்துப்போச்சா, இல்ல தூங்குதா?"

சத்தியமா சொல்றேன், பதினாலு வருசமா இந்தப் பாடத்த எடுக்குறேன், இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல. நான் பதில் சொல்லல. எப்படி கண்டுபிடிக்கலாம்னு திருப்பிக் கேட்டேன். "வெளிய எடுத்து வச்சிப் பாக்கலாம் டீச்சர்"னான். எடுத்து வச்சோம். புதன்கெழம காலையில ஏழேகால் மணிக்கே மொத்த வகுப்பும் சன்னல்கிட்ட நிக்குது, மாவு பாட்டில் வாய்க்கு வந்திருச்சு. தூங்கித்தான் இருந்திருக்குது. கூழு கடைசி வரைக்கும் எழுந்திரிக்கல. அதுக்கப்பறம்தான் மாவு பொங்க முக்கியக் காரணம் உளுந்தோட கூடவே வர்ற லாக்டிக் ஆசிட் பாக்டீரியா, அதுதான் வாயுவையும் விடுது புளிக்கவும் வைக்குது, குளிர்ல அதோட வேல மெதுவாயிரும், கொதிக்க வச்சா செத்துரும்னு சொன்னேன். பக்கத்துல ஒரு பொண்ணு, "அப்ப தெம்பேயும் இப்படித்தானா?"ன்னா. தெம்பே புளிக்க வச்ச சோயா, ஆனா அதுல வேல செய்யுறது பூஞ்சைம்மான்னேன். உடனே மூஞ்சிய சுளிச்சா, முந்தின நாளு கண்டின்ல அதத்தான் ரெண்டு துண்டு சாப்பிட்டிருக்கா.

கணக்குப் பாடத்துலயும் இப்படி வீட்டுலருந்து ஒன்னு வந்துச்சு, சேவை வரி. புத்தகத்துல 6 விழுக்காடு. ஒரு பையன் அப்பாவோட கார் சர்வீஸ் ரசீதக் கொண்டாந்து, "டீச்சர் இதுல 8 போட்டிருக்கு, ஏமாத்திட்டாங்களா?"ங்கிறான். 2024 மார்ச் 1லருந்து 8 ஆக்கிட்டாங்க, ஆனா ஹோட்டல் சாப்பாட்டுக்கும் போன் பில்லுக்கும் 6தான்னு சொன்னேன். ஏன் அப்படின்னு அடுத்த கேள்வி, அதோட அந்த பாடம் முடிஞ்சு மணியடிச்சிருச்சு, அவ்வளவுதான்.

இனி அந்த அம்மாவோட கேள்விக்கு வர்றேன். அவங்க பயம் எனக்குப் புரியாம இல்ல. ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்க நாடு முழுக்க எழுதுன யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 1988லருந்து 2019 வரைக்கும் நடந்துச்சு, 2020ல கோவிட்டுல நிப்பாட்டி, 2021ல ஒரேடியா எடுத்துட்டாங்க. இப்ப வருசக் கடைசியில யூ.ஏ.எஸ்.ஏன்னு கல்வியாண்டு இறுதித் தேர்வு இருக்குது, வகுப்புல டி.பி.ன்னு தேர்ச்சி நிலை 1லருந்து 6 வரைக்கும் போடுறோம், 6தான் உச்சம், ஆனா "என் பிள்ளைக்கு எத்தன ஏ?"ன்னு கேட்டுப் பழகுன பெத்தவங்களுக்கு டி.பி. 4ன்னா நல்லதா கெட்டதான்னே தெரியல. அவங்கள குத்தம் சொல்லி என்ன செய்ய, எங்கள்ல பாதிப் பேரு அத விளக்கிச் சொன்னதே இல்ல.

நான் அந்தக் காலத்துலயும் ஆறாம் ஆண்டு எடுத்தவதான். 2016லருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு எட்டுத் தாளு. பழைய கேள்வித்தாளு, பட்டறை, மறுபடி பழைய கேள்வித்தாளு. பரீச்சைக்கு முன்ன கோயில்ல பென்சிலுக்குப் பூச, அப்பா அம்மாவுக்குப் பாதபூச, அழுகாத தாய் கெடையாது. அந்த வருசங்கள்ல நான் இட்லி மாவு கேட்டிருந்தா தலைமையாசிரியரே கூப்பிட்டுக் கண்டிச்சிருப்பாரு. அந்தத் தேர்வு திரும்ப வரணும்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒன்னு காணாமப் போயிருச்சு, அதப் பத்தி யாரும் பேசல. தேர்வு இருந்தப்ப சாயங்கால வகுப்பு இருந்துச்சு. சனிக்கிழம வகுப்பு இருந்துச்சு. லோரி ஓட்டுறவரு மகனுக்கும் டாக்டர் மகளுக்கும் அதே மேசை, அதே டீச்சர், பத்து காசு கெடையாது. தேர்வு போச்சு, கூடவே அந்த வகுப்பும் போச்சு. இப்ப காசு உள்ள வீட்டுப் பிள்ள டியூஷனுக்குப் போவுது, மத்ததெல்லாம் ஒன்னரைக்கு வேன் ஏறி வீட்டுக்குப் போயி போனு நோண்டுது. என் வகுப்புல ஏழு பேருக்கு மலாய்ல ஒரு பத்தி கோர்வையா எழுத வராது. மலாய் தேறலன்னா அடுத்த வருசம் இடைநிலைப்பள்ளியில படிவம் ஒன்னுக்குப் போவ முடியாம புகுமுக வகுப்புல ஒரு வருசம் நிக்கணும். அந்த ஏழு பேருல என் மாவுப் பையனும் ஒருத்தன்.

வியாழக்கெழம தமிழ்ல பெரியவங்கள பேட்டி எடுத்துட்டு வரச் சொல்லிருந்தேன். அவன் எழுதுனது ரெண்டே வரி. ஆனா பாட்டிய போன்ல பதிவு பண்ணிக் கொண்டாந்திருந்தான், பன்னெண்டு நிமிசம். பாட்டி வளந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்துல பத்துப் பிள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டம் சொன்னதால வந்த பள்ளிக்கூடங்க நம்ம பக்கம் நெறைய, அதுல ஒன்னுதான் அதுவும். "ஆறாவதோட சரி கண்ணு, அதுக்கு மேல டவுனுக்குப் போவணும், பஸ்ஸுக்குக் காசு யாரு குடுப்பா, மறுவாரமே அம்மாகூட பால்மரம் வெட்டப் போயிட்டேன்." நடுவுல அவன் கேக்குறான், "மாவுக்கு ஏன் பாட்டி கையாலதான் கலக்கணும்ங்கிற?" பாட்டி சிரிக்குது. அந்தச் சிரிப்புல வகுப்பே சிரிச்சுச்சு. பேச்சுக்கு டி.பி. 5 போட்டேன், எழுத்துக்கு 2. தூங்குதான்னு கேட்டானே, அதுக்கு எதுல போடுறதுன்னு படிவத்துல கட்டம் இல்ல.

வெள்ளிக்கெழம தலைமையாசிரியர்கிட்ட பேசுனேன். செவ்வாயும் வியாழனும் மூனு மணி வரைக்கும் அந்த ஏழு பேரையும் வச்சுக்கிறேன், மலாய் மட்டும், சம்பளம் ஒன்னும் வேணாம்னேன். சரின்னுட்டாரு. சிக்கல் ரெண்டு. வேன்காரரு மறுபடி ஒரு டிரிப் அடிக்க முடியாதுங்கிறாரு, அவரு பொழப்பும் அப்படி, திட்ட முடியாது. இன்னொன்னு, பள்ளிக்கூடத்துல குடுக்குற இலவசச் சாப்பாடு ரெஹாட்டோட, அதான் இடைவேளையோட, முடிஞ்சிரும், ஒரு மணிக்கு மேல பசியில உக்காந்து யாரு எழுவாய், பயனிலை பாப்பா.

அதனால பட்டர்வொர்த், பிறை பக்கம் இருக்குறவங்க யாராச்சும் செவ்வாக்கெழம ஒரு நாளைக்கு மீ கோரிங்கோ சோறோ ஏழு பொட்டலம் கட்டிக் குடுக்க முடியுமா, இன்பாக்ஸ்ல சொல்லுங்க. வியாழனுக்கு ஆள் கெடச்சிருச்சு. மெசேஜ் போட்ட அந்த அம்மாதான். இட்லி கொண்டு வர்றாங்களாம்.