சம்பளம், மாவு, எரிபொருள்: உள்நாட்டுப் போரில் ஓர் அரசு எப்போது விழுகிறது?

1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானின் வட எல்லையிலுள்ள அமு தர்யா பாலத்தைக் கடந்து வெளியேறின. மாஸ்கோ ஆதரித்துவந்த காபூல் அரசு சில மாதங்கள்கூடத் தாங்காது என்றே வாஷிங்டனும் இஸ்லாமாபாத்தும் கணக்குப் போட்டன. அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2024 நவம்பர் 27 அன்று சிரியாவின் வடமேற்கிலுள்ள இட்லிப்பிலிருந்து கிளர்ச்சிப் படை கிளம்பியபோது, டமாஸ்கஸ் பன்னிரண்டே நாளில் கைமாறும் என்று யாரும் நினைக்கவில்லை. கைமாறியது.

"வல்லரசு துணை நின்றால் அரசு பிழைக்கும், கைவிட்டால் சாயும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. துணை நின்றவர்கள் என்ன கொடுத்தார்கள், அதில் எது முதலில் நின்றது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். விமானமும் ஏவுகணையும் ஒரு சண்டையை ஜெயித்துத் தரும். சிப்பாய் நாளையும் காவல் அரணில் இருப்பதற்குச் சம்பளம், ரொட்டி, டீசல், அவனை மாற்றிவிட இன்னொருவன் ஆகிய நான்கும் வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைச் செய்தித்தாள்கள் எழுதுவதே இல்லை.

ஜலாலாபாத்தை எடுத்துக்கொள்வோம். 1989 மார்ச்சில் பாகிஸ்தான் உளவுத்துறையின் திட்டப்படி, காபூல் அரசை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள் அந்த நகரத்தைத் தாக்கினார்கள். அதைப் பிடித்து, ராவல்பிண்டியில் உருவாக்கிய இடைக்கால அரசை அங்கே உட்கார வைப்பது நோக்கம். நகருக்கு வெளியே இருந்த சமர்கேல் ராணுவ நிலையும் விமான நிலையமும் முதலில் விழுந்தன. அதோடு சரி. காபூலிலிருந்து ஸ்கட் ஏவுகணைகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. 300 கிலோமீட்டர் பாயக்கூடியவை அவை, ஜலாலாபாத்துக்கு அதில் பாதி தூரம்கூட இல்லை. ஆரம்பத்தில் அவற்றை இயக்கியவர்களும் சோவியத் ஆட்கள்தான். ஆனால் நகரத்தைக் காப்பாற்றியது ஸ்கட் மட்டுமில்லை. சரணடைந்த அரசுச் சிப்பாய்களைச் சில முஜாஹிதீன் குழுக்கள் கொன்றன. அந்தச் செய்தி உள்ளே இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே போனாலும் சாவு என்றால் உள்ளேயே நின்று சண்டை போடுவோம் என்று நின்றார்கள்.

காபூலில் ஆண்ட அதிபர் நஜிபுல்லாவின் அரசுக்கு மாஸ்கோ ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள உதவி அனுப்பியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி ஆயுதம். ஆனாலும் அரசு உயிரோடிருந்தது மீதிப் பகுதியால்தான் என்பேன். தெர்மெஸிலிருந்து பாலம் தாண்டி ஹைரத்தான் துறைக்கு வரும் மாவும் டீசலும் அங்கிருந்து மசார்-இ-ஷரீஃப், புல்-இ-கும்ரி வழியாக, 3,000 மீட்டருக்கு மேலுள்ள சலாங் சுரங்கத்தைக் கடந்து காபூல் வந்தாக வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒற்றைப் பாதை. பனி மூடினால் நிற்கும், முஜாஹிதீன் தளபதி அஹ்மத் ஷா மசூதின் ஆட்கள் மறித்தாலும் நிற்கும். அப்போதெல்லாம் சரக்கு விமானங்களில் மாவு மூட்டை வந்து இறங்கும். ரூபாய் நோட்டும் அப்படித்தான்: ஆப்கானி நோட்டுகளை அச்சடித்துக் கொடுத்ததே சோவியத் அச்சகம். இன்னொரு பக்கம், ஷெபர்கான் எரிவாயுக் கிணறுகளை 1989-இல் மூடிவிட்டதால் அரசுக்கு இருந்த முக்கியமான ஏற்றுமதி வருமானமும் போய்விட்டது. வரி வசூலிக்க ஊர்கள் கையில் இல்லை. ஆக, படைக்குச் சம்பளம் என்பது புதிதாக அச்சடித்த நோட்டு, அவ்வளவுதான்.

அந்த நோட்டுக்கட்டுகள் யாருக்குப் போயின என்பதுதான் இதில் முக்கியம். கட்டாய ராணுவத்தில் ஆள் தங்கவில்லை. அதனால் வடக்கே அப்துல் ரஷீத் தோஸ்தும் தலைமையிலிருந்த உஸ்பெக் படை போன்ற கூலிப்படைகளைத்தான் எரிகிற முனைகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். சித்தாந்தம், கட்சி விசுவாசம் எதுவும் அவர்களைக் கட்டவில்லை. பணம் வரும்வரை நிற்பார்கள்.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. நஜிபுல்லாவுக்காகப் பேசிக்கொண்டிருந்த கேஜிபி தலைவர் கிரியுச்கோவும் ஜெனரல் வாரென்னிகோவும் அந்த முயற்சிக்காகக் கைதானார்கள். அடுத்த மாதமே, செப்டம்பர் 13 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கரும் சோவியத் வெளியுறவு அமைச்சர் பான்கினும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 1992 ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் ஆயுதம் கிடையாது. காகிதத்தில் சமன்தான். முஜாஹிதீன்களுக்கு மலையும் பாகிஸ்தான் எல்லையும் இருந்தன, ஏற்கெனவே குவித்துவைத்த ஆயுதமும் இருந்தது. காபூலுக்கு இருந்தது விமானப்படை, அதற்கு எரிபொருள் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் விமானங்கள் தரையிலேயே நின்றன.

அப்படிப்பட்ட நேரத்தில், ஜனவரியில், ஹைரத்தான் காவல்படைத் தளபதி ஜெனரல் மோமினை மாற்ற நஜிபுல்லா உத்தரவிட்டார். மோமின் தாஜிக், பதிலுக்கு அனுப்பப்பட்டவர் பஷ்தூன். மோமின் மறுத்துவிட்டார். தோஸ்தும் அவர் பக்கம் போனார், இருவரும் மசூதோடு கைகோத்தார்கள். சரக்கு வந்திறங்கும் துறை எந்த ஆளின் கையில் இருந்ததோ, அவரையே பகைத்துக்கொண்டது காபூல். மார்ச்சில் மசார் போனது. ஏப்ரலில் தப்பிச் செல்ல நஜிபுல்லா விமான நிலையத்துக்கு வந்தபோது அவரை மறித்ததும் தோஸ்துமின் ஆட்கள்தான்.

இப்போது சிரியா. 2015 மார்ச்சில் இட்லிப் நகரம், மே மாதம் பல்மைரா என்று வரிசையாக இழந்தபின், ஜூலை 26 அன்று அதிபர் பஷார் அல்-அசாதே ஓர் உரையில் ராணுவத்தில் ஆள் பற்றாக்குறை என்று ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 30 அன்று ரஷ்ய விமானங்கள் குண்டுபோடத் தொடங்கின. லத்தாக்கியாவுக்குப் பக்கத்தில் ஹ்மைமிம் தளத்தில் நின்றவை முப்பது சொச்சம் போர் விமானங்கள். அவ்வளவு சிறிய படை போரின் போக்கையே திருப்பியதற்குக் காரணம், தரையில் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கமும், ஈரான் கொண்டுவந்து இறக்கிய ஆப்கன், இராக்கியப் படைகளும் முன்னேறினார்கள் என்பதே. ஹிஸ்புல்லா 2013 ஜூனிலேயே லெபனான் எல்லையருகே உள்ள குசைர் நகரைப் பிடித்துக் கொடுத்துத் தன் வேலையைக் காட்டியிருந்தது. மேலே ரஷ்யா, தரையில் ஈரான், பனியாஸ் சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெயும் ஈரானுடையது. 2019 வசந்தத்தில் அந்தக் கப்பல்கள் தடைபட்டபோது டமாஸ்கஸில் பெட்ரோலுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. கிழக்கிலுள்ள எண்ணெய் வயல்கள் அப்போது அரசிடம் இல்லை, அவ்வளவு காரணம் போதும்.

இந்தத் துணையோடு அலெப்போ மக்கள் மீது போட்ட குண்டுகளை நான் மறக்கவில்லை. அதனால்தான் கோபமும் வருகிறது. அத்தனை உயிரைப் பறித்து வாங்கிய அவகாசத்தில் அந்த அரசு சொந்த ராணுவத்தைக்கூடச் சீர்செய்யவில்லை. 2010-இல் கட்டாயச் சேவைக்கு எடுக்கப்பட்ட 102-ஆவது பிரிவு இளைஞர்களை 2018-இல்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு ஆண்டுகள்! வெளிநாட்டில் வசிப்பவர்கள் 7,000 முதல் 10,000 டாலர் வரை கட்டினால் விலக்கு கிடைத்தது. உள்ளூரில் இருந்தவன் மாதாமாதம் அதிகாரிக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொண்டான், பட்டியலில் மட்டும் அவன் பெயர் இருந்தது. 2011-இல் ஒரு டாலருக்கு ஐம்பது பவுண்டுக்குள் இருந்தது, 2024 இறுதியில் 13,000-க்கு மேல். அந்தச் சம்பளத்தில் எவன் அரணில் நிற்பான்?

துணைவர்களும் இளைத்துப்போனார்கள். 2022 பிப்ரவரி இறுதியில் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி நீரிணைகளை மூடியது. கருங்கடலிலிருந்து சிரியத் துறைமுகமான தர்தூஸுக்கு ரஷ்யக் கடற்படைக் கப்பல்கள் ஓட்டிக்கொண்டிருந்த குறுக்குப் பாதை போனது. ஏப்ரலில் வான்வழியும் போனது. 2024 செப்டம்பரில் ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லா கொல்லப்பட்டார், இஸ்ரேலுடனான போரில் அந்த இயக்கம் லெபனானிலேயே திணறியது. லெபனான் போர்நிறுத்தம் அமலுக்கு வந்த அதே நவம்பர் 27 அன்றுதான் இட்லிப் படை கிளம்பியது. டிசம்பர் 4 அன்று அசாத் ராணுவத்தினருக்கு 50 விழுக்காடு சம்பள உயர்வு அறிவித்தார். மறுநாள் ஹமா விழுந்தது. ஹோம்ஸுக்குப் போகும் வழியில் ரஸ்தான் பாலத்தை ரஷ்ய விமானங்கள் தாக்கின. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போட ஆள் இல்லை.

உதவி தாராளமாக வரும் காலத்தில் ஆட்சியாளருக்குப் பேச்சுவார்த்தை எதற்கு என்று தோன்றிவிடுகிறது. இது அசாதுக்கு முழுக்கப் பொருந்தும்: 2023-24-இல் துருக்கி கை நீட்டியபோது, முதலில் சிரியாவிலிருந்து உன் படையை எடு, பிறகு பேசலாம் என்றார். நஜிபுல்லா விஷயத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் 1987 ஜனவரியிலேயே தேசிய நல்லிணக்கம் என்று அறிவித்தார், 1990-இல் கட்சியின் பெயரையே மாற்றினார். எதிர்த்தரப்புக்கும் அவர்களுக்குப் படியளந்தவர்களுக்கும் அது வேண்டியிருக்கவில்லை, ஜெயித்துவிடலாம் என்று இருந்தார்கள்.

பேக்கர்-பான்கின் உடன்பாட்டில் ஆயுதம் நிற்கும் தேதி இருந்தது. அதற்கு மறுநாள் காபூலை யார் காவல் காப்பது, ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வரும் என்பதற்கு உருப்படியான ஏற்பாடு எதுவும் பின்னால் வரவில்லை. முஜாஹிதீன் தலைவர்களில் ஒருவரான ஹெக்மத்யாரின் ராக்கெட்டுகளிலும் மற்ற குழுக்களின் சண்டையிலும் அந்த நகரம் அடுத்த ஆண்டுகளில் தரைமட்டமானது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். டமாஸ்கஸில் பிரதமர் ஜலாலி ஓடாமல் இருந்து பொறுப்பை ஒப்படைத்தார். அரசு அலுவலகங்களைத் தொடாதீர்கள் என்று வந்தவர்களும் உத்தரவிட்டார்கள். அதன்பின் கடலோரத்தில் 2025 மார்ச்சில் அசாதின் சமூகமான அலவிகள் மீது நடந்த படுகொலைகளை அந்த ஒழுங்கு தடுக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் தலைநகரம் காபூலின் கதிக்கு ஆளாகவில்லை. 2025 மே மாதம் சிரிய அரசு ஊழியர்களின் சம்பளத்துக்காக மாதம் 29 மில்லியன் டாலர் வீதம் முதல் மூன்று மாதங்களுக்குக் கொடுக்க கத்தார் முன்வந்தது, தடைகள் குறுக்கே வராதபடி வாஷிங்டன் அதற்கு வழிவிட்டது. புதிய அரசின் சம்பளப் பட்டியலும் அப்போது இன்னொரு தலைநகரத்தின் சம்மதத்தில்தான் இருந்தது.