லடாக் கிளம்பும் தம்பிகளுக்கு: சார்ச்சுவில் படுக்காதீர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், நம்ம கடலூர், பாண்டிப் பையன்களுக்கு லடாக் ஜுரம் வந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஹிமாலயன்ல போறதா, புல்லட்ல போறதா?" எதில் வேண்டுமானாலும் போங்கள். 150 சிசி வண்டியில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். "ராத்திரி எங்கெங்க தங்குறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால்தான் முழிக்கிறார்கள். "அதெல்லாம் போற வழியில பாத்துக்கலாம்ணே."

எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பதில்தான்.

நமக்குத் தெரிந்த மலை கடலூர் ஓரத்துக் கேப்பர் மலை மேடுதான். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்பு. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கார்கில் ஊர், கடைத்தெரு பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து, அதைவிட ஒரு முழம் மேலே 2,676 மீட்டரில் இருக்கிறது. லடாக்கின் பெரிய ஊரான லே 3,500. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டோம் என்று சொல்கிறவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும், சரி. ஆனால் அங்கே காற்று குறையும்போது அந்தப் பழக்கம் ஒன்றுக்கும் உதவாது.

பாஸ், அதாவது மலைக் கணவாய், உச்சியில் இறங்கி கால்மணி நேரம் ஃபோட்டோ எடுப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த உயரத்தில் இரவு தூங்குவதுதான் ஆளைச் சாய்க்கும். தூக்கத்தில் மூச்சு மெதுவாகும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். அதனால்தான் மலை மருத்துவம் தெரிந்தவர்கள் தூங்கும் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்: 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும்.

இப்போது நம் ஆட்கள் வைத்திருக்கும் பிளானைப் பாருங்கள். முதல் இரவு மணாலி, 2,050 மீட்டர். அடுத்த இரவு, மணாலி–லே ரோட்டின் நடுவில் இருக்கும் சார்ச்சுவில் டென்ட், 4,290 மீட்டர். ஒரே தாவல்! போய்ச் சேரப்போகும் லேவைவிட, நடுவழியில் படுக்கிற இடம் கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம். முன்பெல்லாம் மணாலியைத் தாண்டியதும் வரும் ரோதங் கணவாயை ஏறி இறங்குவதற்கே அரைநாள் போய்விடும், அதற்குள் களைத்துப்போய் அந்தப் பக்கத்து லாஹுலில் இருக்கும் கீலாங்கில் விழுந்துவிடுவார்கள். 2020 அக்டோபரில் ரோதங்குக்கு அடியில் அடல் சுரங்கம் திறந்த பிறகு ஒன்பது கிலோமீட்டரைக் கால்மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். நல்ல விஷயம்தான், லாஹுல் மக்களுக்கு அது பெரிய வரம். நம்மவர்களோ மிச்சமான நேரத்தை அப்படியே சார்ச்சுவரை ஓட்டித் தீர்க்கிறார்கள்.

சார்ச்சுவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. காற்று குறைந்த உயரத்தில் வரும் உயர நோய் முற்றினால் முதல் மருந்து கீழே இறங்குவது. அங்கிருந்து எப்படி இறங்குவீர்கள்? மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா லாவை (லா என்றால் கணவாய்) ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் போனால் காட்டா லூப்ஸ் 21 வளைவு ஏறி, நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா, அப்புறம் 5,328 மீட்டர் தங்லங் லா. பாண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு குரூப் இதில் மாட்டியது. தினமும் பீச் ரோட்டில் ஓடுகிற பையன் அவன், குரூப்பிலேயே திடமானவன். ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. விடியும்போது எழுந்து நிற்கவே தள்ளாடியிருக்கிறான். கார் பிடித்து, பாரலாச்சா ஏறி இறங்கி, கீலாங் வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தான். உடற்பயிற்சி இதற்குக் காப்பு அல்ல. சொல்லப்போனால் ஜிம் பாடிக்காரர்கள்தான் தலைவலியை வெளியே சொல்லாமல் ஓட்டுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: போகும்போது ஸ்ரீநகர் வழி, திரும்பும்போது மணாலி வழி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், அடுத்த இரவு கார்கில், அதற்கடுத்த இரவு லே. சோஜி லா 3,528, ஃபோட்டு லா 4,108. இரண்டையும் பகலில் ஏறி பகலிலேயே இறங்கிவிடுவீர்கள். கார்கிலில் இருந்து லே தாவுவது கணக்குப்படி அதிகம்தான், அதனால் லே போனதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், சார்ச்சுவில் தாராளமாகத் தூங்கலாம்.

வீட்டில் காஷ்மீர் என்றாலே வேண்டாம் என்பார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படியானால் மணாலி வழியே போங்கள், ஆனால் கீலாங்கிலோ அதைத் தாண்டி வரும் ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். இமாசல அரசின் டெல்லி–லே பஸ்ஸைப் பாருங்கள். இரவு கீலாங்கில் நிறுத்தி, விடியும் முன்பே கிளம்பி, சார்ச்சுவில் படுக்காமல் அன்றைக்கே லே போய்விடுகிறது. பைக்கில் அது முதுகை ஒடிக்கும் நாள்தான். விடியலுக்கு முன் கிளம்பினால் இன்னொரு லாபம், பனி உருகி ரோட்டில் ஓடும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவுதான் இருக்கும்.

பெட்ரோல் விலைக்காக, பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய் டேங்க் நிரப்பிப் பழகியவர்கள் நாம். கீலாங்குக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் தண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று போர்டே வைத்திருந்தார்கள். கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் டப்பாவை நம்பாதீர்கள், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பன் சொன்னான் என்று போடாமல், சல்ஃபா அலர்ஜி உண்டா என்று டாக்டரிடம் பேசிவிட்டுப் போடுங்கள். டென்ட்டில் பாட்டில் திறக்கிற ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு நீளும்.

அப்புறம், லேக்கு மேலே இருக்கும் கர்துங் லா. 18,380 அடி என்று பல வருஷம் போர்டு நின்றது, அளந்து பார்த்தால் 17,582 அடிதான், 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் பாதி. இன்ஜினுக்கும் அதே பாதிக் காற்றுதான், வண்டி திணறினால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். அதை முடித்ததும் 5,798 மீட்டர் உம்லிங் லாவுக்கும் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பது, என் பார்வையில், ஸ்டேட்டஸ் வைப்பதற்கான ஆசை. தலைவலி இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம், யாரும் ஃபைன் போடப் போவதில்லை.

சிப்காட்டில் வேலை செய்யும் தம்பிகள் சொல்லும் நியாயம் எனக்கும் புரிகிறது. லீவு எட்டு நாள்தான் கிடைக்கிறது, அதில் ரயிலுக்கே பாதி போய்விடுகிறது. அப்படியென்றால் இந்த வருஷம் ஜிஸ்பாவரை போய், பாகா ஆற்றங்கரையில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புங்கள். பாரலாச்சாவில் வருஷா வருஷம் பனியை வெட்டி ரோட்டைத் திறந்துவிடுகிறார்கள், லீவு சேர்ந்ததும் போய்க்கொள்ளலாம்.