பரேடு கல்லறைத் தோட்டம் வரை போகட்டும்

எங்கள் ஊர் மெமோரியல் டே பரேடு இனிமேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாதாம். ஃபயர் ஸ்டேஷனில் கிளம்பி, மெயின் ஸ்ட்ரீட் வழியாக வந்து, பூங்காவோடு முடித்துக்கொள்வார்களாம். வயதானவர்களால் கல்லறைத் தோட்டம் இருக்கும் மேட்டில் ஏற முடியவில்லை, சாலையை அடைத்து வைக்க போலீஸுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியிருக்கிறது, எப்படியும் பாதிக் கூட்டம் ஹாட் டாக் கடையைப் பார்த்ததும் பூங்காவிலேயே நின்றுவிடுகிறது என்று ஏற்பாட்டுக் குழு காரணம் சொல்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், பதிவு நீளம்தான், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை அமெரிக்காவில் மெமோரியல் டே. போரில் செத்துப்போனவர்களுக்கான நாள். படையில் இருந்துவிட்டு உயிரோடு திரும்பியவர்களுக்கு நவம்பர் 11 தனியாக இருக்கிறது. இங்கே பத்துப் பதினைந்து வருடம் குப்பை கொட்டிய நம் ஆட்களிலேயே பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இருந்ததில்லை. நமக்கு அது நயாகரா போகிற லாங் வீக்கெண்ட், மெத்தைக் கடை தள்ளுபடி, யாராவது ஒருவர் வீட்டு பேக்யார்டில் கிரில். வாட்ஸ்அப் குழுவில் பட்டாசு வெடிக்கிற படத்தோடு ஒரு வாழ்த்து வேறு வரும், அதைப் பார்த்துக் கோபப்படுவதை நான் விட்டுவிட்டேன்.

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் மேல்பகுதியில், ஃபிங்கர் லேக்ஸ் பக்கம். மன்ஹாட்டனிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால்தான் வர முடியும். ஏரி, திராட்சைத் தோட்டம், பால் பண்ணை, மூடிக் கிடக்கும் பழைய ஆலைகள். எங்களைப் போன்ற இந்தியக் குடும்பங்கள் பரேடுக்குப் போக ஆரம்பித்ததற்கு ஒரே காரணம்தான்: பிள்ளைகள் பள்ளி பேண்டில் சேர்ந்தார்கள். பேண்டில் இருந்தால் மெமோரியல் டே அன்று அணிவகுத்து நடந்தே ஆக வேண்டும். என் மகள் கிளாரினெட். வெயிலில் அந்தக் கம்பளி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அவள் நடக்க, தண்ணீர் பாட்டிலோடு நான் நடைபாதையில் கூடவே ஓட, அப்படித்தான் எனக்கு இந்த பரேடு பழக்கமானது.

பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊர் ஃபயர் டிரக்குகள், ஸ்கௌட் பையன்கள், லிட்டில் லீக் பேஸ்பால் குழந்தைகள், பழைய டிராக்டர், திறந்த காரில் கையசைத்தபடி ஒரு வயதான முன்னாள் படைவீரர், நடுவில் பேண்டு. டிரக்கிலிருந்து மிட்டாய் வீசுவார்கள், குழந்தைகள் பொறுக்கும். தேர்தல் வருகிற வருடமென்றால் வேட்பாளர்கள் தங்கள் பெயர் போட்ட டீஷர்ட் கும்பலோடு வந்து கை கொடுப்பார்கள். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இது. ஒரு நாளாவது அந்த டீஷர்ட்டைக் கழற்றி வைத்தால் என்ன?

போன வருடம் பரேடு படங்களை இங்கே போட்டபோது கல்லூரி நண்பன் ஒருவன், "என்னடா, நீயும் அமெரிக்க மிலிட்டரிக்கு ஜே போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டிருந்தான். கிண்டல்தான், ஆனால் அவன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. இராக் போர் பொய்க் காரணம் சொல்லித் தொடங்கப்பட்டது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். வியட்நாமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் இருக்கின்றன, அந்தப் போரில் செத்த வியட்நாம்காரர்களை அப்படிச் சுவரில் எழுத ஆரம்பித்தால் சுவர் போதாது. அவர்களுக்கு எங்கள் ஊர் பரேடில் இடம் கிடையாது. அந்த உறுத்தலோடுதான் ஒவ்வொரு வருடமும் போகிறேன். போரை ஒப்புக்கொள்ளாத ஒருவன் அங்கே போய் நிற்க முடிகிறது என்றால், பரேடு போய்ச் சேருகிற இடம்தான் அதற்குக் காரணம்.

இந்த நாள் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். எங்களுக்குப் பக்கத்தில் வாட்டர்லூ என்று ஒரு ஊர் இருக்கிறது, நெப்போலியன் தோற்ற ஊரின் பெயரை வைத்துக்கொண்ட சின்ன ஊர், செனெகா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அங்கே ஹென்றி வெல்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர், வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்த 1865 கோடையில், திரும்பி வந்தவர்களைக் கொண்டாடுகிறோமே, திரும்பாதவர்களின் கல்லறையில் பூ வைக்க வேண்டாமா என்று பேச்சை எடுத்தாராம். ஜெனரல் ஜான் மரே அதை ஏற்று நடத்தினார். 1866 மே 5 அன்று கடைகளை அடைத்து, கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கி, கறுப்புத் துணியும் பச்சை இலைகளும் கட்டி, ஊரே பேண்டு இசையோடு நடந்து, மூன்று கல்லறைத் தோட்டங்களுக்குப் போனது என்பது அவர்கள் வரலாறு. 1966ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டு, மெமோரியல் டே பிறந்த ஊர் இதுதான் என்று அறிவித்துவிட்டார்.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். 1866ல் அப்படி எதுவும் நடக்கவில்லை, பின்னால் கோத்த கதை என்று வாதாடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் போல்ஸ்பர்க் தான்தான் முதல் என்கிறது. மிசிசிப்பியில் ஒரு கொலம்பஸ், ஜார்ஜியாவில் ஒரு கொலம்பஸ், இரண்டும் உரிமை கொண்டாடுகின்றன. மிசிசிப்பி கொலம்பஸ் பெண்கள் 1866 ஏப்ரலில் தங்கள் தெற்குப் படைக்காரர்களின் கல்லறைகளோடு அங்கே புதைக்கப்பட்டிருந்த வடக்குப் படைக்காரர்களின் கல்லறைகளிலும் பூ வைத்தார்கள். எதிரியின் கல்லறை! போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இவற்றோடு, ரொம்ப காலம் யாரும் பேசாமல் கிடந்தது, தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் கதை. தெற்குப் படையினர் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தைச் சிறையாக வைத்திருந்தார்கள். அங்கே நோயில் செத்த வடக்குப் படை வீரர்கள் 257 பேரை மொத்தமாக ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். போர் முடிகிற நேரத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பர்கள் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றாக முறைப்படி அடக்கம் செய்து, சுற்றி வேலி போட்டார்கள். 1865 மே 1 அன்று சுமார் 10,000 பேர், முன்வரிசையில் கை நிறைய ரோஜாவோடு பள்ளிக் குழந்தைகள், அந்த மைதானத்துக்கு ஊர்வலம் போனார்கள். டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களிலிருந்து இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. தெற்கில் அதிகாரம் மறுபடி வெள்ளையர் கைக்குப் போனதும் இந்த நினைவு அமுக்கப்பட்டுவிட்டது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

சரி, யார் முதல் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் எல்லாரும் நடந்து போய்ச் சேருவது கல்லறைக்குத்தான், நான் சொல்ல வருவது அதைத்தான். 1868ல் முன்னாள் வடக்குப் படைவீரர் சங்கத்தின் தலைவர் ஜான் லோகன், மே 30ஐ நாடு முழுக்க அனுசரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அதில் இன்ன சடங்குதான் செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை, அதை அவரவர் வசதிக்கு விட்டுவிட்டார். கல்லறைகளில் பூ வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயமாக இருந்தது. அந்தக் காலத்தில் மக்கள் இதற்கு வைத்திருந்த பெயரே டெக்கரேஷன் டே. ஊர் ஜனம் மொத்தமாகக் கல்லறைக்குப் போக வேண்டியிருந்தது, சேர்ந்து நடந்தார்கள், அது பரேடு ஆனது. இப்போது போகிற இடத்தை வெட்டிவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

சின்ன ஊர்களில் இது ஏன் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் போரில் ரெஜிமெண்டுகளை ஊர் ஊராகத்தான் திரட்டினார்கள். 1862ல் இந்தப் பக்கத்து மூன்று கவுண்டிகளில், ஒன்டாரியோ, செனெகா, யேட்ஸ், ஆள் எடுத்து இங்கே இருக்கும் ஜெனீவா என்ற ஊரில் 126வது நியூயார்க் காலாட்படையை உருவாக்கினார்கள். படையின் ஒரே பிரிவில் அண்ணன் தம்பி, பக்கத்துப் பண்ணைக்காரன், பள்ளி வாத்தியார். அடுத்த வருடம் ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் அதன் கர்னல் ஷெரில் உட்படப் பலர் விழுந்தார்கள். ஒரு சண்டை நடந்தால் ஒரு தெருவில் பல வீட்டுக்கு ஒரே வாரத்தில் சேதி வரும். மூன்று கோடிக்குக் கொஞ்சம் மேல் மக்கள் இருந்த நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர் அது. எங்கள் ஊர்ப் போர் நினைவுத் தூணிலும் உள்நாட்டுப் போர்ப் பட்டியல்தான் நீளம். அதே குடும்பப் பெயர்கள் இன்றும் தபால் பெட்டிகளில் இருக்கின்றன.

கெடுத்தது திங்கள்கிழமை என்பது என் கருத்து. மூன்று நாள் விடுமுறை வர வேண்டும் என்பதற்காக 1968ல் சட்டம் போட்டு, 1971லிருந்து மே 30ஐக் கடைசித் திங்களுக்கு மாற்றினார்கள். நவம்பர் 11ஐயும் இப்படித்தான் அக்டோபர் திங்கள்கிழமைக்கு நகர்த்தினார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் 1978ல் பழைய தேதிக்கே கொண்டுபோனார்கள். உயிரோடு இருப்பவர்கள் சத்தம் போட முடிந்தது, அவர்கள் நாள் திரும்பியது. இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோவே, மே 30ஐத் திரும்பக் கொண்டுவர மறுபடி மறுபடி மசோதா கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் கிடப்பில் போட்டார்கள். 2012ல் அவரும் போய்ச் சேர்ந்தார். இன்னொன்று, மெமோரியல் டே அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி 2000ல் ஒரு சட்டம் வந்ததே, அது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நேரத்துக்கு எல்லாரும் கிரில் முன்னால் இருப்போம்.

தேதியை மாற்ற எங்கள் ஊரால் முடியாது. பரேடு எங்கே முடிய வேண்டும் என்பது ஊர் கையில் இருக்கிறது.

பூங்காவில் முடிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேடை இருக்கும், மைக் இருக்கும், பின்னால் உள்ளூர்க் கார் டீலர் பேனர் இருக்கும். மைக் கிடைத்தால் பேச்சு தானாக நீளும், சுதந்திரம், தியாகம், உலகின் தலைசிறந்த படை என்று எங்கேயோ போகும், நான் பாதியில் கிளம்பிவிடுவேன். மேட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. முன்னால் ஒரு கல்லில் 1948 - 1968 என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெற்றி முழக்கம் போட எந்த அரசியல்வாதிக்கும் நாக்கு வராது. ஸ்கௌட் பையன்கள் முந்தின நாளே வந்து கல்லறைகளில் சின்னக் கொடிகள் குத்தி வைத்திருப்பார்கள். ஊரின் பெயர்ப் பட்டியலை வாசிப்பார்கள், உள்நாட்டுப் போரிலிருந்து ஆப்கானிஸ்தான் வரை, உச்சரிப்புத் தடுமாறினால் நிறுத்திச் சரியாகச் சொல்வார்கள். மூன்று முறை துப்பாக்கி வேட்டு. கூட்டத்தில் ஏதாவது குழந்தை அழும். கடைசி வேட்டு ஓய்ந்ததும் பொடியன்கள் தோட்டா உறை பொறுக்கப் பாய்வார்கள், அதை யாரும் அதட்டுவதில்லை, அது எனக்குப் பிடிக்கும். அப்புறம் டாப்ஸ், ராணுவ அடக்கங்களில் பியூகிள் என்ற ஊதுகொம்பில் வாசிக்கிற அந்த 24 சுரம். வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்று, உள்ளே ஸ்பீக்கர் வைத்த பியூகிளை ராணுவமே 2003ல் அனுமதித்தது. வாசிப்பவர் உதட்டில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், கருவியே பாடிவிடும். எங்கள் ஊரில் இன்னும் பள்ளிப் பிள்ளை ஒன்று நிஜமாகவே வாசிக்கிறது. சில வருடம் சுருதி பிசகும். பிசகட்டும்.

மேடு ஏற முடியாதவர்கள் பிரச்சினை நிஜமானது. என் பக்கத்து வீட்டுக்காரர் கொரியப் போருக்குப் போய் வந்தவர், வாக்கர் இல்லாமல் நகர முடியாது. அவரிடம் கேட்டேன். "எனக்காக மாத்துறாங்கன்னா மாத்த வேண்டாம்னு சொல்லுங்க, என்னைக் காரில் தூக்கிட்டுப் போனாப் போதும்" என்றார். பள்ளிப் பேருந்து அன்று சும்மாதான் நிற்கிறது, இரண்டு வண்டி விட்டால் முடிந்தது. ஓவர்டைம் காசு என்றால், ஜூலை 4 வாணவேடிக்கைக்குச் செலவழிக்கிறோமே, அதில் பத்து ராக்கெட்டைக் குறைத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் பூங்காவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா? நிற்கட்டும். மேட்டுக்கு முப்பது பேர் வந்தாலும் பெயர்களை வாசிக்கலாம். திரும்பி வந்து ஹாட் டாக் சாப்பிடுவதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை, நான் சைவம், எனக்கு வெறும் பன்னும் கடுகும்தான்.

ஊர் நிர்வாகத்தை நடத்தும் வில்லேஜ் போர்டின் அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். மேலே எழுதியதை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும், அதோடு இந்த ஊரில் பிறக்காத ஒருவன் இதைச் சொல்வதா என்று யாராவது முகம் சுளித்தால் அதற்கும் பதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேண்டில் பிள்ளைகள் இருக்கிற நம் குடும்பங்கள் இந்தப் பக்கம் பத்துப் பதினைந்தாவது இருக்கும். பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தாலே போதும், நாற்காலி நிறைந்தால் போர்டு கவனிக்கும். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கார் இல்லாதவர்களை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.