தண்ணீர் படலாம், தேய்க்கத்தான் கூடாது
புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை முடியும்வரை, கதிர் படும் தோலில் தண்ணீரே படக்கூடாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பழைய அறிவுரை. வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டு உள்ளங்கையால் கழுவலாம். துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கதிர் கொடுக்கும் இடத்தைக் காட்டத் தோலில் குறி போட்ட மையை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு மார்பகத்தில் கொடுத்தபோது முதல் 2 வாரம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் லேசாகச் சிவந்தது. அப்புறம் ஒருநாள் பார்த்தால் மார்புக்கு அடியில், மடிப்பு விழும் இடத்தில் தோல் உரிந்து உள்ளாடையில் ஈரம் ஒட்டியிருக்கிறது. நாங்கள் தினமும் களிம்பு தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததோ மேல்பக்கத்தை! அக்குள், தொடையிடுக்கு மாதிரி வியர்வையும் உராய்வும் சேரும் இடங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிளாஸ்திரி ஒட்டவே ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது தோலும் கூடவே வரும்.

சிகிச்சை முடிந்ததும் நிம்மதி என்று நினைத்தோம். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. பெரும்பாலும் அப்படித்தானாம், எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை ஆரம்பத்திலிருந்தே தடவினால் பாதிப்பின் தீவிரம் குறையும். முதல் நாளே மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.