4ஜி போன் செத்துடாது, பதறாதீங்க

"3ஜி-ய மூடின மாதிரி 4ஜி-யும் மூடப் போறாங்க, 5ஜி போன் இல்லன்னா கால் கூட போகாது"ன்னு கேஎல் (கோலாலம்பூர்) பக்கம் வாட்ஸ்அப் குரூப்புங்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது, பொய் அது. 3ஜி 2021 கடைசியோட மலேசியாவுல முடிஞ்சது உண்மைதான், ஆனா அத மூடினதே 4ஜி-ய நல்லா ஆக்கத்தான், அதுவும் இல்லாம 5ஜி போன் வெச்சிருக்கறவங்களுக்கே கால் பெரும்பாலும் 4ஜி வோல்டிஇ (4ஜி நெட்வொர்க்லயே கால் பேசற வசதி) வழியாத்தான் போகுது, அப்புறம் எப்படி மூடுவாங்க?

பேட்டரி மட்டும் வீக்குன்னா போன் கடைங்க நிறைஞ்ச லோயாட் பிளாசா மால் போய் பேட்டரிய மாத்துங்க, போதும் லா. செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சுன்னா, அது வேற கதை, அப்ப போன மாத்தறத பத்தி யோசிக்கணும். ஐபோன் 5எஸ், 6 மாதிரி ஐஓஎஸ் 15.1 (ஐபோனோட சாஃப்ட்வேர்) ஏறாத போன்ல 2025 மே மாசத்துல இருந்து வாட்ஸ்அப்பே ஓடாது, அத மாத்தித்தான் ஆகணும், ஆனா அதுக்கும் 5ஜி-க்கும் சம்பந்தமே இல்ல.