18 வயதுக்கு மேல் இலவச பஸ் எங்கேயும் இல்லை என்பது சரியல்ல

"18 வயதுக்கு மேல் எந்த நாடும் இலவச பஸ் கொடுப்பதில்லை, கொடுத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் முழு டிக்கெட் காசும் அரசுக்கு நஷ்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி 31 முதல் 5 வயதிலிருந்து 21 வயது முடியும்வரை பஸ் இலவசம். லக்சம்பர்க்கில் 2020 முதல் வயது வித்தியாசமே இல்லாமல் எல்லோருக்கும் இலவசம்.

நஷ்டக் கணக்குக்கு வருவோம். இலவசம் என்பதாலேயே பஸ் ஏறுபவர்கள் நிறையப் பேர். காசு கேட்டால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள், அந்த டிக்கெட் விற்றே இருக்காது. அதனால்தான் ஸ்காட்லாந்தில் பஸ் நிறுவனங்களுக்கு முழுக் கட்டணத்தைக் கொடுக்காமல் அதில் ஒரு பங்கை மட்டும் அரசு ஈடுகட்டுகிறது. இந்தத் திட்டத்தால் நிறுவனத்துக்கு லாபமும் வரக் கூடாது, நஷ்டமும் வரக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் கூட்டம் கூடி பஸ்ஸும் கூட்ட வேண்டி வந்தால் அது தனிச் செலவு, மறுக்கவில்லை.

இந்த இலவசம் யாருக்கு உதவும்? 19 வயதில் முதல் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வர இன்னும் மூன்று வாரம். இன்டர்வியூவுக்கும் பயிற்சிக்கும் போய்வரவே கையிருப்பு கரைகிறது. அந்த வயதில் வேலையை விடவைப்பது பல நேரம் இந்தச் சில்லறைதான். அப்புறம், காலை ஐந்தரை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸே ஆறு மணிக்கு என்றால் இலவச பாஸ் இருந்தும் பயனில்லை. எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.